செப்புத் தகட்டில் எழுதிய மாந்தர்

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய நகரங்களில் உடைநூல் என்னும் ஒருவகைப் படநூல் மிகுதியாய் அச்சேறிற்று. பல நாட்டு மக்களின் உடைகளைக் காட்டுவது அதன் நோக்கம். ஓவியர் திசியானின் உறவினரான செசாரே வெச்செல்லியோ 1590இல் வெனிசில் வெளியிட்ட நூலில் 400க்கும் மேற்பட்ட மரச்செதுக்குப் படங்கள் உண்டு. தம் நகரத்தாரை நாட்டுத் தலைவர் முதல் சுமை தூக்குவோர் ஈறாகப் படிப்படியாய் வகுத்துக் காட்டிய அவர், தொலைநாட்டார் பலர்க்கு ஒன்றிரண்டு உருவங்களையே அளித்தார். ஒரு மக்கட்கூட்டம் முழுமைக்கும் ஒரே முகம்!

அதே 1590இல் பிராங்பர்ட்டில் வெளியான தியோடோர் தெ பிரையின் வர்ஜீனியா நூலை இங்கே சற்று விரிவாகக் காண்போம். 1585இல் ஆங்கிலேயருடன் ரோனோக் தீவுக்குச் சென்ற ஜான் ஒயிட் என்னும் ஓவியர், அப்பகுதியில் வாழ்ந்த அல்கான்கியப் பழங்குடியினரை நேரிற் கண்டு வண்ண ஓவியங்கள் எழுதினார். அவற்றைச் செப்புத் தகட்டில் செதுக்கியவர் தெ பிரை. பொற்கொல்லராகப் பயின்றவர், அட்லாண்டிக் கடலைக் கடவாதவர். ஒயிட் எழுதிய ஒற்றை வீரனை முன்புறமும் பின்புறமுமாக இருவராக்கினார். உடற்கட்டை ஐரோப்பியச் சிலைபோல் திருத்தினார். பின்னணியில் நிலக்காட்சியும் சேர்த்தார். அப்படத்தை யாம் முதன்முதற் கண்டபோது உரோமச் சிலையெனவே மயங்கினோம்.

படத்தை எழுதியவர் நேரிற் கண்டு எழுதினாரா, பிறர் எழுதியதைப் பார்த்து எழுதினாரா என்று நம் பிள்ளைகள் கேட்டுப் பழகவேண்டும். பிறர் எழுதிவைத்த குறிப்புகளாலேயே நெடுங்காலம் அறியப்பட்டவர் வழிவந்த நமக்கு இவ்வினா அயலானதன்று.

தெ பிரையிடம் ஒரு நேர்மையும் இருந்தது. நூலின் இறுதியில், உடலெங்கும் வண்ணந் தீட்டிய பிக்டர் முதலான பிரித்தானியத் தொல்குடியினரை ஐந்து படங்களிற் காட்டி, பிரித்தானியரும் முற்காலத்தில் வர்ஜீனிய மக்களைப் போன்றே வாழ்ந்தனர் என்றார். "காட்டுமிராண்டிகள்" என்னும் எண்ணத்தை அவர் விட்டாரல்லர். தம்மவரையும் அதனுள் அடக்கினார், அவ்வளவே. 1598இல் வெச்செல்லியோ தம் நூலை விரிவாக்கியபோது, தெ பிரையின் படங்களைப் பார்த்தே வர்ஜீனிய மக்களை எழுதுவித்தார். இங்ஙனம் அவ்வுருவங்கள் மூன்றாம் கைக்கு வந்தன.

ஒயிட்டின் மூல ஓவியங்கள் இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றுள் ஒன்றில் பொமெயாக் ஊர்த் தலைவனின் மனைவியும், அவள் அருகே ஒரு சிறுமியும் நிற்கின்றனர். சிறுமியின் கையில் ஆங்கில மாதரின் உடையணிந்த பொம்மை ஒன்று. கடல் கடந்து வந்தோர் தந்தது. ஐரோப்பியர் அவளது உடையை எழுதிக்கொண்டிருக்க, அவளோ ஐரோப்பிய உடையைக் கையில் பற்றியிருந்தாள். வயது எட்டு அல்லது பத்து என்று ஒயிட் குறித்துள்ளார், பெயரைக் குறிக்கவில்லை.