இணையத் தொடர்பு கட்டாயமான நிகழ்பட ஆட்டங்கள்: ஒரு வரலாறு

ஆட்டத்தின் கோப்புகள் கணினியிலோ கைப்பேசியிலோ இருந்தாலும், வெளியீட்டு நிறுவனத்தின் சர்வரோடு இணைந்திருந்தால் மட்டுமே ஆட முடியும் என்ற ஏற்பாடு ‘தொடர் இணைப்புக் கட்டாயம்’ எனப்படுகிறது. இணைப்பு அறுந்தால் ஆட்டம் நிற்கும். நிறுவனம் சர்வரை மூடிவிட்டால், காசு கொடுத்து வாங்கிய ஆட்டமும் அதோடு முடிந்துவிடும். இந்தியாவில் பலர் இதை நேரடியாக உணர்ந்தது 2020-இல், பப்ஜி மொபைல் நின்றபோதுதான்.

விதியும் பூட்டும்

ஆட்டத்துக்கு ஒருவர் விதி வகுப்பது புதிதல்ல. ஸ்னூக்கரை 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லெயின் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி உருவாக்கினார் என்பதும், அதன் விதிகள் 1882-இல் உதகமண்டலம் கிளப்பில் எழுதி வைக்கப்பட்டன என்பதும் பரவலாகக் கூறப்படும் வரலாறு. அந்தக் கிளப்புக்குள் எல்லாரும் நுழைந்துவிட முடியாது. ஆனால் விதியை அறிந்தவர் மேசையும் பந்துகளும் இருந்தால் எங்கு வேண்டுமானாலும் ஆடலாம். கிளப்பைக் கேட்க வேண்டியதில்லை. பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் இதுவே பொருந்தும். தொடர் இணைப்புக் கட்டாயம், விதியோடு ஒரு பூட்டையும் சேர்த்தது. அதன் சாவி நிறுவனத்திடமே இருக்கிறது.

உலக அளவில் வளர்ச்சி

2004-இல் வெளிவந்த ஹாஃப்-லைஃப் 2 ஆட்டத்தை, தனியாக ஆடுபவரும் முதலில் ஸ்டீம் தளத்தில் இணைந்து பதிவு செய்ய வேண்டியிருந்தது. 2010-இல் யூபிசாஃப்ட் நிறுவனம், கணினிக்கான அசாசின்ஸ் கிரீட் 2 ஆட்டத்துக்கு இடைவிடாத இணைப்பைக் கட்டாயமாக்கியது. திருட்டுப் பிரதிகளைத் தடுப்பதே நோக்கம். ஆனால் சர்வர் முடங்கியபோது, முறையாக வாங்கியவர்களே ஆட முடியாமல் தவித்தனர். 2013 மார்ச்சில் சிம்சிட்டி வெளியானபோதும் சர்வர்கள் நெரிசலில் திணறின. ஓர் ஆண்டுக்குப் பின்னரே இணைப்பின்றி ஆடும் வசதி வந்தது.

2014-இல் விற்பனைக்கு வந்த ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய ஆட்டத்தின் சர்வர்கள் 2024 மார்ச் 31-இல் மூடப்பட்டன. வாங்கியவர்கள் கையில் இருந்த வட்டு பயனற்றுப் போனது. இதையொட்டி ஐரோப்பாவில் எழுந்த ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தின் மனுவுக்கு 2025-இல் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்கள் சேர்ந்தன.

இந்தியாவில் பப்ஜி

2018-இல் வெளியான பப்ஜி மொபைலில் 100 பேர் வரை ஒரே களத்தில் மோதுவர். ஆகவே அதற்கு இணையம் இயல்பிலேயே தேவை. பதிவிறக்கம் இலவசம், உடைகள், ஆயுத அலங்காரங்கள் போன்றவற்றைப் பணம் கொடுத்தும் பெறலாம்.

கல்வான் மோதலுக்குப் பின், 2020 செப்டம்பர் 2 அன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. பப்ஜி மொபைலும் அவற்றில் ஒன்று. செயலிக் கடைகளிலிருந்து அது நீங்கியது. ஏற்கெனவே பதிவிறக்கியவர்கள் மட்டும் சில வாரங்கள் ஆடினர். அக்டோபர் 30 அன்று டென்சென்ட் நிறுவனம் இந்தியாவுக்கான சேவையை நிறுத்தியது. கைப்பேசியில் கோப்பு அப்படியே இருந்தது, ஆட்டம்தான் இல்லை.

2021 ஜூலை 2 அன்று, தென் கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற பெயரில் இந்தியாவுக்கென ஒரு பதிப்பை வெளியிட்டது. பழைய கணக்கின் உடைமைகளை அதற்கு மாற்றிக்கொள்ளக் குறிப்பிட்ட காலம் அனுமதி தரப்பட்டது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம், 7,000 ரூபாய் என்ற வரம்புகளும் வந்தன. 2022 ஜூலை 28 அன்று இதுவும் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாத இறுதியில் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் சர்வர் இயங்கியதால், செயலியை வைத்திருந்தவர்கள் தொடர்ந்து ஆடினர். கடை மூடினாலும் ஆட்டம் பிழைக்கும், சர்வர் மூடினால் பிழைக்காது என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டின.

பயனும் இழப்பும்

இந்தக் கட்டுப்பாட்டில் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் ஏமாற்றுபவரை வெளியேற்றவும், சிறுவர் ஆடும் நேரத்தைக் குறைக்கவும் சர்வர் உதவுகிறது. பெற்றோர் பலர் இதை வரவேற்பர். ஆனால் 3 மணி நேரத்தில் நிறுத்தும் அதே சாவிதான் ஆட்டத்தை அடியோடு நிறுத்தவும் பயன்படுகிறது.

தனியாக ஆடும் ஆட்டத்துக்கும் இணைப்பைக் கட்டாயமாக்கும்போது இழப்பு கூடுகிறது. ஜெகதளா போன்ற நீலகிரி மலைக் கிராமங்களில் மழைக்காலத்தில் மின்சாரமும் சிக்னலும் போனால், பிறர் துணை தேவைப்படாத ஆட்டமும் நின்றுவிடும். சர்வர் மூடப்பட்ட ஆட்டத்தை அருங்காட்சியகத்தில் வைத்தாலும், வருங்காலத்தவர் அதை ஆடிப் பார்க்க முடியாது.

கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டம், இத்தகைய மின்னணுப் பொருள்களை விற்பவர், வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. எந்த ஊரில் வாங்குபவரும் பணம் கட்டுமுன் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: இணைப்பு இல்லாதபோது இந்த ஆட்டம் இயங்குமா?