நெருக்கடி நிலைக் காலத்துத் தொழிற்கூட மன்றங்கள்

1975 ஜூன் 25 இரவு உள்நாட்டு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது, தென்னார்க்காடு மாவட்டத்து நெய்வேலி இரண்டு அரசுகளின் பிடியில் இருந்தது. 1956-இல் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனம் மத்திய அரசுக்கு உரியது; சுரங்கத் தொழில் தகராறுகளில் தலையிடும் அதிகாரமும் சட்டப்படி மத்திய அரசுக்கே இருந்தது. காவல்துறையும் பொது ஒழுங்கும் மட்டும், நெருக்கடி நிலையை வெளிப்படையாக எதிர்த்த மாநில தி.மு.க. அரசிடம் இருந்தன. இந்த முரண் ஏழு மாதங்களே நீடித்தது. 1976 ஜனவரி 31 அன்று மு. கருணாநிதியின் ஆட்சி கலைக்கப்பட்டு, ஆளுநர் கே.கே. ஷா வழியாகக் குடியரசுத் தலைவர் ஆட்சி நடைமுறைக்கு வந்ததும், விசாரணையின்றிக் காவலில் வைக்க வகைசெய்த ‘மிசா’ சட்டத்தின்கீழ் அக்கட்சியினர் பெருமளவில் கைதாயினர். சென்னை மத்திய சிறையில் தாக்கப்பட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு உயிரிழந்தார்.

தமிழக அரசியல் எழுத்து இந்தச் சிறைக் கொடுமையையும் பத்திரிகைத் தணிக்கையையும் விரிவாகவே பதிவு செய்திருக்கிறது. ஆனால் அதே அரசு அமைப்புகளைத் தடை செய்ததோடு நில்லாமல் புதிய அமைப்புகளை உருவாக்கவும் செய்தது என்பதும், அவை நெய்வேலி போன்ற பொதுத்துறை ஊர்களையும் உள்ளடக்கும்படி வகுக்கப்பட்டவை என்பதும் அதிகம் பேசப்படவில்லை. 1975 அக்டோபர் இறுதியில், பிரதமரின் இருபது அம்சத் திட்டத்தின் ஒரு பகுதியாக, ‘நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பு’ என்னும் திட்டம் வெளியிடப்பட்டது. பதிவேட்டில் 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட உற்பத்தி ஆலைகளும் சுரங்கங்களும் அதன் வரம்புக்குள் வந்தமையால், 1957-இல் சுரங்கம் தோண்டத் தொடங்கி 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிய நெய்வேலியும் அவ்வரம்புக்குள் அடங்கியது.

திட்டத்தின் அமைப்பை உற்று நோக்குவது பயனுள்ளது. ஒவ்வொரு பிரிவுக்கும் தொழிற்கூட மன்றம் ஒன்று, ஆலை முழுமைக்கும் கூட்டு மன்றம் ஒன்று. இரண்டிலும் நிர்வாகத்தினரும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் அமர்வர். முன்னது மாதம் ஒருமுறையேனும், பின்னது மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். உற்பத்தியைக் கூட்டுதல், வீண்செலவைக் குறைத்தல், வேலைக்கு வராமையைத் தடுத்தல், பாதுகாப்பு, நலவசதிகள் ஆகியவை பேசத்தக்க பொருள்கள். தலைவரை நிர்வாகமே நியமிக்கும்; தொழிலாளர் தரப்புக்குத் துணைத்தலைவர் பதவி. வாக்கெடுப்பு கிடையாது, ஒருமித்த கருத்தின் பேரிலேயே முடிவு எட்டப்பட வேண்டும். தொழிலாளரை எவரும் வாக்கில் தோற்கடிக்க இயலாது என்ற அளவில் இவ்விதி நியாயமாகத் தோன்றினாலும், நிர்வாகம் இசையாதபோது தொழிலாளர் கைக்கொள்ளக்கூடிய ஒரே வழியான வேலைநிறுத்தம் அரசின் ஆணைக்கு அஞ்சி முடங்கியிருந்த காலத்தில், ஒருமித்த கருத்து என்பது நடைமுறையில் நிர்வாகத்தின் கருத்தாகவே முடியும்.

அவ்வாறு முடங்கியதற்குச் சட்டக் காரணமும் உண்டு. நெருக்கடி நிலை நடப்பில் இருக்கும்வரை, சங்கம் அமைக்கும் உரிமையை உள்ளடக்கிய 19-ஆம் பிரிவுக்கு மாறாகவும் சட்டம் இயற்றலாம் என்று அரசியலமைப்பின் 358-ஆம் பிரிவு அனுமதித்தது. 1971 போரின்போது அறிவிக்கப்பட்ட முந்தைய நெருக்கடி நிலையும் திரும்பப் பெறப்படாமலேயே கிடந்ததால் இந்த நிலை 1975-க்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பங்கேற்புத் திட்டம் வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்னர்தான், குறைந்தபட்ச போனஸ் 8.33 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக அவசரச் சட்டத்தின் மூலம் வெட்டப்பட்டிருந்தது. தேசிய அளவில் அமைக்கப்பட்ட உச்சக் குழுவில் ஐ.என்.டி.யு.சி., ஏ.ஐ.டி.யு.சி., எச்.எம்.எஸ். ஆகிய தொழிற்சங்கக் கூட்டமைப்புகளுக்கு இடம் கிடைத்தது, சி.ஐ.டி.யு.வுக்குக் கிடைக்கவில்லை. எந்தச் சங்கம் தொழிலாளரின் குரல் என்பதைத் தொழிலாளர் அல்லாமல் அரசு தீர்மானித்தது என்பதே இதன் பொருள்.

அரசே தொழிலாளரின் அமைப்பை வகுத்த நிலை வேறிடத்திலும் உண்டு. ஸ்பெயினில் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி முதலாளியையும் தொழிலாளியையும் ஒரே அரசுச் சங்கத்துக்குள் அடைத்திருந்தது; ஆயினும் 1966-இல் நடந்த ஆலைப் பிரதிநிதித் தேர்தல்களில் ‘தொழிலாளர் ஆணையங்கள்’ என்ற எதிர்ப்பியக்கத்தினர் நின்று வென்று, அந்தச் சங்கத்தையே தமக்குக் களமாக்கிக்கொண்டனர். மறு ஆண்டே அங்கு உச்ச நீதிமன்றம் அவ்வியக்கத்தைச் சட்டவிரோதமென அறிவித்தது. இந்தியாவின் மன்றங்கள் அத்தகைய உட்புகுதலுக்குக் களமாகும் அளவுக்கு வேரூன்றவில்லை.

சங்கங்கள் முடங்கியதில் நெய்வேலிக்குத் தனிப்பட்ட ஒரு பொருத்தம் உண்டு. வட்டங்களாகப் பிரிக்கப்பட்ட அந்நகரியத்தில் தெருவும் குடிநீரும் விளக்கும் நிறுவனத்தின் பொறுப்பு. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் வாக்களிக்கும் குடியிருப்போருக்குத் தாமே தேர்ந்தெடுக்கும் நகர்மன்றம் இல்லை. ஆகவே பிற ஊர்களில் வார்டு உறுப்பினரிடம் செல்லும் முறையீடுகளுக்கும் இங்கே தொழிற்சங்கமே இயல்பான வழியாயிற்று. சங்கத்தை முடக்குவது இத்தகைய ஊரில் ஊராட்சியையும் முடக்குவதாகும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்துக்கு உரிமை பெற்ற ஊர்களின் நிலையும் பெரிதும் மேலானதல்ல என்பதையும் சொல்ல வேண்டும்: 1973-இல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சிக்கு மறுதேர்தல் 1996-இல்தான் நடந்தது.

1977 மார்ச் தேர்தலில் வட இந்தியா காங்கிரசைத் தூக்கியெறிய, தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 34 அ.தி.மு.க.–காங்கிரஸ்–இந்திய கம்யூனிஸ்ட் அணிக்கே சென்றன. மத்தியில் ஆட்சி மாறியபின் போனஸ் பழைய அளவுக்குத் திரும்பியது. நெருக்கடி நிலைக் காலத்தில் செய்யப்பட்ட 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மிகக் கடுமையான பகுதிகள் பின்னர் நீக்கப்பட்டன. அதே திருத்தம் சேர்த்த 43-அ பிரிவு, அதாவது நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பை அரசின் நெறியாக அறிவிக்கும் பிரிவு, இன்றும் அரசியலமைப்பில் உள்ளது. அதற்குச் சட்ட வலு தரும் நோக்கத்தோடு 1990 மே மாதம் மாநிலங்களவையில் அறிமுகமான மசோதா சட்டமாகவில்லை.