சாயவேரும் ஒரு நெசவுக் கலைஞரும்

திருக்கோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையில் அமைந்த பழைய ஊர் கிண்ணியா. 2009ஆம் ஆண்டிற் பாலம் திறக்கப்படும் வரை தோணியேறித் துறை கடந்தே இவ்வூர் மக்கள் நகருக்குச் சென்று வந்தனர். இக்குடாவின் வரலாற்றிலே துணிக்கும் ஓர் இடமுண்டு. 1659ஆம் ஆண்டு மசூலிப்பட்டினத்துக் கடலில் வீசிய புயலிற் பாய்மரத்தை இழந்த ஆங்கிலக் கப்பலொன்று, மரத்தைப் புதிதாக நாட்டிக்கொள்ளவும், அதுவரை துணி விற்று வாணிகம் செய்யவும் கொட்டியாரத்துக்கு அனுப்பப்பட்டது. அக்கப்பலில் வந்தவர்களுள் ஒருவரே மறு ஆண்டிற் கண்டியரசனாற் சிறைப்பிடிக்கப்பெற்று, 1679இல் தப்பிச் சென்று, இலங்கையைப் பற்றிய புகழ்பெற்ற நூலை 1681இல் வெளியிட்ட றொபேட் நொக்ஸ். சிறையிருந்த காலத்தில் அவர் பருத்தி நூலாற் குல்லாய் பின்னி விற்றுச் சீவனம் செய்தாரென்பதும் நினைவுகூரத் தக்கது.

சோழமண்டலக் கரையின் துணிகளுக்கு அந்நாளில் உலகெங்கும் மதிப்பளித்தது, வெளுக்க வெளுக்க மங்காத அவற்றின் சிவப்பேயாம். அச்சிவப்பின் பிறப்பிடம் நம் நாட்டு வடகரை மணலிலும் விளைந்த ஒரு சிறு பூண்டின் வேர். சாயவேர் என்பது அதன் பெயர். சித்த வைத்தியர் அதனை இம்பூறல் என வழங்குவர். ஈர்க்குப் போல் மெலிந்து ஆழ இறங்கும் இவ்வேர் மன்னார், யாழ்ப்பாணம் ஆகிய பகுதிகளிலே தோண்டப்பட்டுச் சோழமண்டலத்துச் சாயக்காரரிடம் சென்றது. ஒல்லாந்தக் கும்பனியார் இவ்வேர் வாணிகத்தைத் தம் தனியுரிமையாக வைத்திருந்தனர். யாழ்ப்பாணத்துக் கொம்மாந்தராயிருந்த சுவார்தக்குறூன் என்பவர் 1697இல் எழுதிவைத்த குறிப்பிலும் சாயவேர் பேசப்படுகிறது. வேர் ஒன்றுக்காக ஓர் அரசாங்கம் இத்துணைக் கவலை கொண்டதேன்?

காரணம் எளிது. கம்பளி மயிர் சாயத்தை விரைந்து பற்றும். ஆதலாற்றான், நூற்காமலும் நெய்யாமலும் ஆட்டுமயிரை நனைத்து, அழுத்தி, உருட்டித் தகடாக்கும் கம்பளி விரிப்புகளைக் குளிர்நாட்டார் தொன்மைக் காலத்திலேயே பல வண்ணங்களிற் செய்தனர். அல்தாய் மலையிற் பனிக்குள் உறைந்து கிடந்த கல்லறைகளிலிருந்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அத்தகைய விரிப்புகள் கிடைத்துள்ளன. பருத்தியோ அவ்வாறன்று. சாயநீரில் தோய்த்தெடுத்தாலும் சில வெளுப்பில் நிறத்தை விட்டுவிடும். அதனைப் பிடித்துவைக்க ஓர் இடைப்பொருள் வேண்டும்.

நம்மவர் கண்ட வழி இது. முதலிலே துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் ஊறவைத்து உலர்த்துவர். பின்னர், சிவக்க வேண்டிய இடங்களிற் படிகாரக் கரைசலைத் தூரிகையாற் பூசுவர். அதன் பின்னரே சாயவேர் இட்ட நீரில் துணியைக் காய்ச்சுவர். படிகாரம் பட்ட இடம் நிலையான சிவப்பாகும். ஏனைய இடத்துச் செம்மை, சாண நீரில் ஊறவைத்து வெயிலில் விரித்து அலச அலச நீங்கும். எப்பொழுது கொதி இறக்குவது, எந்த ஊர்க் கிணற்று நீர் ஏற்றது என்பனவெல்லாம் ஏட்டில் எழுதப்பட்டவையல்ல. தந்தை கையிலிருந்து மகன் கைக்கு வந்தவை.

இவ்வறிவுக்கு 19ஆம் நூற்றாண்டில் இறுதி நேர்ந்தது. 1856இல் வில்லியம் பேர்க்கின் என்னும் ஆங்கில இளைஞர் கரித்தாரிலிருந்து செயற்கை ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டார். 1869ஆம் ஆண்டளவில், சாயவேரின் உள்ளே உறையும் அலிசரின் என்னும் அதே பொருளை ஆய்வுகூடத்திலேயே ஆக்கும் வழியும் பிறந்தது. மலிவான அச்சாயத்தின் முன்னே வேர் தோண்டுவோரும் காய்ச்சுவோரும் நிற்க இயலவில்லை. ஏழையும் வண்ண ஆடை உடுக்க வழி செய்தது புதிய சாயமே என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆயினும், இழப்பின் அளவையும் நாம் அறிதல் வேண்டும்.

அவ்விழப்பை உணர்ந்தோருள் ஒருவர் எதெல் என்னும் ஆங்கில மாது. 1872இல் டெவன் மாநிலத்திற் பிறந்த இவர், நம் நாட்டுப் பேரறிஞர் ஆனந்த குமாரசுவாமியை மணந்து, 1903 முதல் சில ஆண்டுகள் இலங்கையில் வாழ்ந்தார். கணவர் கனிப்பொருள் ஆய்வுக்காக ஊரூராகச் சென்றபொழுது, உடன் சென்ற இவர் நெசவையும் தையல் வேலையையும் கண்டு குறித்தார். 1908இல் வெளியான குமாரசுவாமியின் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் இவர் எடுத்த ஒளிப்படங்கள் இடம்பெற்றன. பாய் இழைக்கும் பன்னுக்கும் நாருக்கும் பதங்கி மரத்தாற் சிவப்பேற்றுவது போன்ற நாட்டுச் சாயமுறைகளை அந்நூல் பதிவு செய்துள்ளது.

மணவாழ்க்கை முறிந்து இங்கிலாந்திலே தங்கிய பின்னர், எதெல் தாமே தறியில் அமர்ந்தார். மறுமணத்தால் எதெல் மைரே எனப் பெயர் பெற்று, 1916இல் தாவரச் சாயங்கள் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். சசெக்ஸ் பகுதியிலுள்ள டிச்லிங் என்னும் ஊரில் அவர் நடத்திய நெசவுச்சாலைக்குப் பல நாட்டு மாணவர் வந்தனர். கைத்தொழில் வடிவமைப்போருக்கு அந்நாடு அளிக்கும் உயரிய பட்டத்தை 1937இற் பெற்ற முதற் பெண்மணி அவரே. 1952இல் அவர் மறைந்தார். அவர் செய்த அரும்பணி, அழிந்துகொண்டிருந்த கையறிவை அளவும் நேரமும் குறித்து எழுத்தில் ஏற்றி, மாணவர் கையிலே மீண்டும் இட்டதேயாம்.

சாயவேர்ச் செடி இன்றும் அழிந்துவிடவில்லை. வைத்தியர் அதனை மருந்தாக அறிவர். சாயமாக அறிந்தோர் அருகினர். செடி தானே விதை சிந்தி மீண்டும் முளைக்கும்; கைத்திறன் அவ்வாறு முளைப்பதில்லை. கற்பிப்பாரும் கற்பாரும் ஒரே காலத்தில் உயிரோடிருந்தாலன்றி அது தொடராது. கிழக்கு மாகாணத்து ஊர்களிலே பாயிழைக்கும் முதிய பெண்களிடம், எந்தப் பட்டை எந்நிறம் தரும், எத்தனை நாழிகை அவிக்க வேண்டும் என்று இன்றே கேட்டு எழுதிவைக்கும் மாணவர், வருங்கால வரலாற்றாசிரியனுக்கு மட்டுமன்றி, வருங்காலக் கைவினைஞனுக்கும் பேருதவி செய்தவராவர்.