கடலருகே என்றொரு குடும்பப் பெயர்

இங்கிலாந்தின் அரிய குடும்பப் பெயர்களுள் ஒன்று 'பைதசீ'. 'கடலருகே' எனப் பொருள்படும் மூன்று சிறு ஆங்கிலச் சொற்கள் இடைவெளியின்றி ஒட்டிப் பிறந்த பெயர் அது.

1066-இல் நார்மானியர் வரும்வரை, அந்நாட்டு எளிய மக்களுக்கு வழிவழியாக வரும் குடும்பப் பெயர் கிடையாது. பின்னர், ஓர் ஊரில் ஜான் என்போர் பலர் இருப்பின், வரி தண்டுவோரும் பத்திரம் எழுதுவோரும் 'காட்டருகே வாழும் ஜான்', 'குன்றருகே வாழும் ஜான்' என வேறுபடுத்தி எழுதினர். அவ்வடையாளமே மெல்ல மெல்லப் பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று. 1538-இல் தாமஸ் குரோம்வெல் பிறப்பித்த ஆணைப்படி, பங்குதோறும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவை ஏட்டில் பதியப்படலாயின. பெயர்கள் மேலும் நிலைபெற்றன. காலப்போக்கில் பல பெயர்களில் 'அருகே' என்பது உதிர்ந்து, வெறும் 'வுட்' என்றும் 'ஹில்' என்றும் சுருங்கின. பைதசீயோ தன் பழைய முழுமையை இழக்கவில்லை.

இப்பெயரை வரலாற்றில் நிறுத்தியவர் ஜான் பைதசீ. 1827-இல் அவர் பிறந்த பிரெஷ்போர்டு, சோமர்செட் மாவட்டத்தின் உள்நாட்டுச் சிற்றூர்; அங்கே ஆறுண்டு, கடலில்லை. முன்னோர் என்றோ விட்டுப் பிரிந்த கரையைப் பெயர் மட்டும் மறவாதிருந்தது. அவரோ கடற்படையிற் சேர்ந்தார். கிரிமியப் போரின்போது, 1854 ஆகஸ்டில், பால்டிக் கடலின் ஓலாந்துத் தீவுகளுள் ஒன்றில் துணைவர் ஒருவருடன் இறங்கி, ரஷ்யப் பேரரசரின் அஞ்சற் பைகளைக் கைப்பற்றினார். இருவருக்கும் விக்டோரியா சிலுவை விருது கிடைத்தது.

அத்துணைவர், கப்பலின் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்ட ஜான்ஸ்டன் என்னும் தொழிலாளி. அவரது சுவீடிய மொழியறிவே தீவு மக்களிடம் செய்தி அறிய உதவியது. அரசிதழ் அவரை 'வில்லியம்' என்றது. கப்பலின் ஆட்பதிவேடோ 'ஜான்' என்கிறது. அதிகாரியின் அரிய பெயரில் ஐயமேதுமில்லை. உடன் உயிரைப் பணயம் வைத்த தொழிலாளியின் பெயரோ ஏட்டுக்கு ஏடு மாறுகிறது.

அன்பர்களே, பெயர்களின் வரலாறு எழுதுகோல் பிடித்தோரின் வரலாறுமாகும். கடலருகே வாழ்ந்த பெயரறியாக் குடியானவன் ஒருவனை எவரோ கவனித்து எழுதியதால், அவன் குடில் நின்ற இடம் இன்றும் நமக்குத் தெரிகிறது. எளியவனின் பெயரைக் கேட்டுத் தெளிந்து பிழையின்றி எழுதுவது சிறு பணியன்று. அது அவனுக்குச் செய்யும் முதல் நீதி.