தராசில் நின்ற மெழுகுவர்த்தி

என் நண்பர் ஒருவருக்கு இருட்டறைப் பித்து. ஊரெல்லாம் சட்டைப் பையிலிருக்கும் தொலைபேசியிலேயே படம் பிடித்துப் பார்த்து மகிழ்கிற இந்தக் காலத்திலும், அவர் பிலிமை மருந்தில் நனைத்து, சிவப்பு விளக்கின் மங்கிய வெளிச்சத்தில் காகிதத்தை அலசிக்கொண்டிருப்பார். சென்ற ஆண்டு, மூடப்பட்ட ஸ்டூடியோ ஒன்றிலிருந்து பழைய டென்ஸிடோமீட்டர் ஒன்றை மலிவாக வாங்கி வந்தார். பிலிமில் படிந்த கருமை எவ்வளவு என்று எண்ணில் சொல்லும் கருவி அது.

விளக்கு எரிந்தது, முள்ளும் அசைந்தது. ஆனால் சொன்னது பொய். 3 என்று காட்ட வேண்டிய கருமையை 2.6 என்றது.

"புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே!" என்றேன்.

"புதிது பொய் சொல்லாது என்று உங்களுக்கு யார் ஸார் சொன்னது?" என்று திருப்பிக் கேட்டார் அவர்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இங்கிலாந்தில் விட்னஸ் என்று ஓர் ஊர். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் சோடா உப்புத் தொழிற்சாலைகளின் புகையில் மூழ்கிக் கிடந்த ஊர். அங்கே ஒரே தொழிற்சாலையில் இருவர் வேலை பார்த்தார்கள். 1844-ல் ஸ்விட்ஸர்லாந்தில் பிறந்த பெர்டினாண்ட் ஹர்ட்டர் ரசாயன நிபுணர். அவருக்கு நான்கு வயது இளையவரான வீரோ சார்லஸ் டிரிபீல்ட் இன்ஜினீயர். புகைப்பட ஆசை முதலில் டிரிபீல்டுக்குத்தான். 1876-ல் அவர் ஹர்ட்டரையும் அதில் இழுத்துவிட்டார்.

வந்தவர் சும்மா இருப்பாரா? தொழிற்சாலையில் எதையும் நிறுத்தும் அளந்தும் பழகிய மனிதர். "எவ்வளவு நேரம் வெளிச்சம் காட்ட வேண்டும்?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வந்தது. அனுபவம் என்றார்கள், கைப்பக்குவம் என்றார்கள். சமையலுக்குக் கைப்பக்குவம் போதும். ஒரு நாள் உப்புக் கரித்தால் மறுநாள் குறைத்துக்கொள்ளலாம். போன வெளிச்சமும் போன முகபாவமும் மறுநாள் திரும்பி வருமா? நண்பர்கள் இருவரும் ஓய்வு நேரங்களையெல்லாம் இந்த ஒரு கேள்விக்கே அர்ப்பணித்தார்கள்.

அளக்க வேண்டுமானால் அளவுகோல் வேண்டும். அன்றைய அளவுகோல் ஒரு மெழுகுவர்த்தி! திமிங்கிலத் தலைக் கொழுப்பில் வார்த்தது. ஆறு திரிகள் சேர்ந்தால் ஒரு ராத்தல். மணிக்கு 120 கிரெயின், அதாவது எட்டு கிராமுக்குச் சற்றுக் குறைவாக உருக வேண்டும் என்பது இங்கிலாந்தின் சட்டம். சட்டம் சொன்னால் சுடர் கேட்குமா? காற்று வீசினால் ஆடும், திரி நீண்டால் கூடும். ஆகவே தெருவிளக்கு காஸைச் சோதித்த அதிகாரிகள் ஒரு காரியம் செய்தார்கள். மெழுகுவர்த்தியைத் தராசில் நிறுத்தி, எத்தனை நேரத்தில் எத்தனை எடை குறைந்தது என்று பார்த்து, அந்த வித்தியாசத்தைக் கணக்கில் கழித்துக்கொண்டார்கள். சுடரின் குற்றத்தை அவர்கள் மறைக்கவில்லை, எழுதி வைத்தார்கள்.

அந்த மெழுகுவர்த்தியின் சுடரிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் கண்ணாடித் தகட்டை வைத்து, இத்தனை விநாடி என்று வெளிச்சம் காட்டினார்கள் ஹர்ட்டரும் டிரிபீல்டும். மருந்தில் கழுவிய பிறகு அதன் கருமையை அளக்கக் கருவி ஏது? பெரும்பாலும் தாங்களே செய்துகொண்டார்கள். இரண்டு விளக்குகளுக்கு நடுவே எண்ணெய்ப் பொட்டு வைத்த காகிதம். இரு பக்கத்து வெளிச்சமும் சமமானால் பொட்டு கண்ணுக்கு மறைந்துவிடும். ஒரு பக்கம் கறுத்த தகட்டைச் செருகி, பொட்டு மறையும் இடம் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்துக் கருமையைக் கணக்கிட்டார்கள்.

கணக்கு எளிது. பத்தில் ஒரு பங்கு ஒளி ஊடுருவினால் கருமை 1. நூறில் ஒரு பங்கானால் 2. பாதி ஒளி வந்தால் 0.3. இப்படி அளந்தவற்றை வரைபடத்தில் குறித்தபோது நீண்ட வளைவொன்று தோன்றியது. அடியில் மெல்ல எழுந்து, நடுவில் நேராக ஏறி, உச்சியில் தளரும் வளைவு. 1890-ஆம் ஆண்டு மே மாதம் ரசாயனத் தொழில் சங்கத்தின் சஞ்சிகையில் அதை வெளியிட்டார்கள்.

பாராட்டு உடனே வந்துவிடவில்லை. புகைப்பட விஞ்ஞானத்தில் பெரும் பெயர் பெற்றிருந்த காப்டன் ஆப்னியே எதிர்த்து எழுதினார். கலையை எண்ணில் அடைப்பதா என்ற முணுமுணுப்பும் எழுந்தது. இருவரும் வருஷக்கணக்காகப் பதில் எழுதினார்கள். 1898-ல் ராயல் புகைப்படச் சங்கம் தன் முன்னேற்றப் பதக்கத்தை இருவருக்கும் அளித்தது. அதே ஆண்டில் ஹர்ட்டர் கண்ணை மூடினார். டிரிபீல்ட் இன்னும் பதினேழு ஆண்டுகள், 1915 வரை இருந்தார்.

அவர்கள் அளவுகோல் மட்டும் நிலைக்கவில்லை. மெழுகுவர்த்தியின் செவ்வொளி வேறு, பகலின் வெள்ளொளி வேறு. தகட்டின் வேகத்துக்கு அவர்கள் தந்த எண்ணும் வழக்கொழிந்தது. ஜெர்மனியில் 1934-லும் அமெரிக்காவில் 1943-லும் புதுத் தர எண்கள் வந்துவிட்டன. மெழுகுவர்த்தியின் ஸ்தானத்தில் 1948-ல் உருகிய பிளாட்டினம் உறையும்போது வீசும் ஒளி வந்து உட்கார்ந்தது. 1979-ல் அதுவும் எழுந்து போயிற்று. ஆனால் கருமையை அளக்கும் கணக்கும் அந்த வளைவும் இன்றுவரை பிழைத்திருக்கின்றன. தங்கள் அளவை மற்றவரும் சோதித்துப் பார்க்கும்படி, செய்த முறை முழுவதையும் அவர்கள் திறந்து வைத்ததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நண்பரின் கருவிக்கு வருவோம். மூடியைக் கழற்றினார். லென்ஸின் மேல் பல வருஷத்துத் தூசி. சிதறிய ஒளி பக்கவாட்டில் நுழைந்தால், கறுத்த இடத்தையும் கருவி வெளுப்பாகவே காணும். கனமான கருமை குறைந்து தெரிந்ததன் ரகசியம் அதுதான். லென்ஸைத் துடைத்தார், கறுத்துப்போயிருந்த பல்பை மாற்றினார், துருவேறிய இணைப்புகளைச் சுரண்டினார். பிறகு பிலிமே வைக்காமல் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தினார்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். காலித் தட்டில் முள் நேராக நின்றால் போதுமா? கடைக்காரர் தராசில் முத்திரையிட்ட படிக்கல்லை வைத்தல்லவா பார்க்க வேண்டும்! இருட்டறைக்கும் அப்படி ஒரு படிக்கல் உண்டு. ஒரு பிலிம் துண்டில் இருபத்தொரு படிகள். 0.05-ல் தொடங்கி, படிக்கு 0.15 வீதம் ஏறி, 3.05-ல் முடியும். ஒவ்வொரு படியின் உண்மையான அளவையும் குறித்த சீட்டு கூடவே வரும். கடைசிப் படியில் ஊடுருவுவது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த ஒளி. அந்தப் படியைக் கொண்டு மேல் எல்லையைத் திருத்தினார். பிறகு நடுப்படிகளை ஒவ்வொன்றாக வைத்தார். இரண்டு படிகளில் 0.02 வித்தியாசம் நின்றது. எத்தனை திருகியும் போகவில்லை.

நண்பர் அலட்டிக்கொள்ளவில்லை. ஒரு காகிதத் துண்டில் எந்தப் படியில் எவ்வளவு பிசகு என்று தேதியோடு எழுதி, கருவியின் பக்கத்தில் ஒட்டினார்.

"இனி இது பொய் சொல்லாதா?" என்றேன்.

"சொல்லும். ஆனால் என்ன பொய் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பிறகு இதை வாங்குகிறவருக்கும் தெரியும்" என்றார்.

காஸ் அதிகாரிகள் மெழுகுவர்த்தியைத் தராசில் நிறுத்தியது எனக்கு நினைவு வந்தது.