தற்காப்பு உரிமையும் துப்பாக்கி உரிமமும்: இந்தியச் சட்டம் கடந்து வந்த பாதை

பதினெட்டாம் நூற்றாண்டின் தென் தமிழகத்தில் பாதுகாப்பு என்பது அரசு தனியே ஏற்று நடத்திய பணி அன்று. ஊர்க்காவலும் தேசகாவலும் பாளையக்காரர்களிடமும் காவல்காரர்களிடமும் இருந்தன. அதற்கு ஈடாக அவர்கள் விளைச்சலில் பங்கு பெற்றனர். வேலும் வாளும் திரித் துப்பாக்கியும் படைவீரரிடம் மட்டுமின்றிக் குடியானவர் வீடுகளிலும் இருந்தன. ஆங்கிலேயரை எதிர்த்த பாளையக்காரர் கட்டபொம்மன் 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 அக்டோபரில், அதே எதிர்ப்பில் நின்ற மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ், பாளையப் பகுதிகளில் ஆயுதம் ஏந்துவதைத் தடைசெய்து அறிக்கை வெளியிட்டார். கோட்டைகள் இடிக்கப்பட்டன. இந்தியாவில் ஆயுதக் களைவு 1857க்குப் பின் தொடங்கியதாகச் சொல்வது வழக்கம்; தெற்கில் அது அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்துவிட்டது.

1857 எழுச்சிக்குப் பின் இந்தக் கொள்கை துணைக்கண்டம் முழுவதற்குமானது. ஆனால் அதே காலத்தில் எழுதப்பட்ட மற்றொரு சட்டம் வேறு திசையில் சென்றது. சட்டக் குழுவின் தலைவர் மெக்காலே 1837இல் அளித்த வரைவை அடிப்படையாகக் கொண்ட இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் நிறைவேறியது. அதன் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசின. தன் உடலை மட்டுமல்ல, பிறர் உடலையும், தன் உடைமையையும் பிறர் உடைமையையும் காக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று அவை ஏற்றன. இந்திய மக்களிடம் எதிர்த்து நிற்கும் துணிவை வளர்க்க வேண்டும் என்ற எண்ணம் மெக்காலே குழுவின் குறிப்புகளிலேயே உண்டு. 1878இல் வைஸ்ராய் லிட்டன் ஆட்சி கொண்டுவந்த ஆயுதச் சட்டம் அந்தத் துணிவுக்கான கருவியைப் பறித்தது. உரிமம் இன்றி இந்தியர் துப்பாக்கி வைத்திருப்பது குற்றமானது. ஐரோப்பியருக்கோ விலக்கு கிடைத்தது. உரிமை ஒரு சட்டத்திலும் கருவி இன்னொரு சட்டத்திலும் பிரிந்து நிற்கும் நிலை அன்று உருவானது. இன்றைய நடைமுறையும் அந்தப் பிரிவின் மீதே நிற்கிறது.

தேசிய இயக்கம் இதை ஓர் அவமதிப்பாகவே கண்டது. 1887இல் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய காங்கிரஸ், ஆயுதச் சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் போட்டது. 1928இன் மோதிலால் நேரு அறிக்கையும் 1931இன் கராச்சித் தீர்மானமும், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தன. ஆனால் விடுதலைக்குப் பின் அந்த வாக்கு அரசமைப்பில் இடம்பெறவில்லை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதற்காகத் திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் மறுத்தார். யார் வேண்டுமானாலும் கடைக்குச் சென்று ஆயுதம் வாங்கலாம் என்றால் அரசு நடத்த இயலாது என்பது அவர் வாதம். ஆயுதம் ஏந்துவது தனிமனித உரிமை அன்று, போரோ கலகமோ மூளும்போது அரசு அழைத்தால் நிறைவேற்ற வேண்டிய கடமை என்று அவர் கருதினார். பின்னாளில் நெருக்கடிக் காலங்களில் அரசு எடுத்த முடிவுகளைப் புரிந்துகொள்ள இந்த விளக்கமே திறவுகோல்.

1959இன் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உரிம முறை நீடித்தது. விண்ணப்பத்தின் மீது காவல்துறை விசாரித்து அறிக்கை தரும். மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ முடிவெடுப்பர். உயிருக்கு அச்சுறுத்தல், பயிர்ப் பாதுகாப்பு, துப்பாக்கிச் சுடும் விளையாட்டு ஆகியன ஏற்கப்படும் காரணங்கள். தேர்தல் வந்தால் உரிமதாரர் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் வழக்கம் தமிழகத்திலும் நன்கு தெரிந்ததே.

உரிமம் பெற்றவர் எப்போது சுடலாம் என்பதை நீதிமன்றங்களே தெளிவாக்கின. அவற்றுள் முதன்மையானது கட்னி நகர வழக்கு. 1950 மார்ச்சில் அங்கு மூண்ட வகுப்புக் கலவரத்தில் ஒரு கும்பல் கடையொன்றைச் சூறையாடியது. பின்னர் அதே கட்டடத்தில் இருந்த அடுத்த கடையின் கதவைத் தடிகளால் அடித்தது. உள்ளே குடும்பத்துடன் இருந்த கடைக்காரர் துப்பாக்கியால் சுட்டார். ஓர் உயிர் போயிற்று. கீழ் நீதிமன்றங்கள் அவரைத் தண்டித்தன. 1952இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. கதவு உடையும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை. உயிருக்குப் பேராபத்து என்ற நியாயமான அச்சம் எழுந்த கணத்திலேயே உரிமை தொடங்கிவிடுகிறது. அத்தகைய கணத்தில் மனிதர் செய்வதைத் துல்லியமாக நிறுத்துப் பார்க்கக் கூடாது. ஆபத்தின் நடுவே நிற்பவரின் கண்கொண்டு பார்த்த தீர்ப்பு இது. அதன் மனிதத்தன்மை இன்றும் போற்றத்தக்கது.

எனினும் இவ்வுரிமைக்கு எல்லை உண்டு. காவல்துறையை நாடப் போதிய நேரம் இருந்தால் அது எழாது. தேவைக்கு மிஞ்சிய தீங்கை அது காக்காது. அச்சம் நீங்கியதும் முடிந்துவிடும். ஓடுகிறவரைத் துரத்திச் சுடுவது தற்காப்பு ஆகாது. 2013இல் அமிலத் தாக்குதலும் உயிரைப் பறிக்கும் அளவுக்கு எதிர்க்கத்தக்க குற்றங்களுள் சேர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் இவ்விதிகள், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் உள்ளன.

நெருக்கடிக்கு ஆயத்தம் என்ற நிலையில் அரசு தனி ஆளைவிட ஊரையே நம்பியது. 1995இல் ஜம்முவின் தோடா மலைப்பகுதியில், படைகள் வந்து சேர நேரம் பிடிக்கும் ஊர்களில், தீவிரவாதிகளை எதிர்கொள்ளக் கிராமப் பாதுகாப்புக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அவற்றின் உறுப்பினர்களுக்கு .303 ரைபிள்கள் வழங்கப்பட்டன. 2022இல் அத்திட்டம் சீரமைக்கப்பட்டது. 2023 புத்தாண்டு நாளில் ரஜௌரி மாவட்டத்தின் டாங்ரியில் நடந்த தாக்குதலுக்குப் பின் பயிற்சி வலுப்பெற்றது. சத்தீஸ்கரில் நிலை வேறு. குறைந்த படிப்பும் போதாத பயிற்சியும் கொண்ட பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவல் அலுவலர்களாக்கி மாவோயிஸ்டுகளுக்கு எதிரே நிறுத்தியதை 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அரசமைப்புக்கு முரணானது என்றது. தன் ஊரைக் காக்க நிற்பது வேறு, அரசின் போரில் முன்வரிசையில் தள்ளப்படுவது வேறு என்ற வேறுபாட்டை இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் காணலாம்.

அண்மைக்கால மாற்றங்கள் கட்டுப்பாட்டை இறுக்கியுள்ளன. 2016இன் ஆயுத விதிகள் துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியைக் கேட்கின்றன. 2019இன் திருத்தம் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டியது. திருமண விழாக்களில் வானை நோக்கிச் சுடுவோருக்கும் தண்டனை வகுத்தது. குடகின் கொடவர்களுக்கும் ஜம்மா எனும் பரம்பரை நில உரிமை கொண்டோருக்கும் காலனி ஆட்சியில் கிடைத்த உரிம விலக்கை மட்டும் ஒன்றிய அரசு 2029 வரை நீட்டித்துள்ளது.