ஒரு டொலர் தாளில் இருந்த ஓவியம்



பாடசாலைச் சுற்றுலாவில் கன்பராவுக்குப் போன பிள்ளைகள் பாராளுமன்ற முன்றலில் நின்று எடுத்த படம் எங்களில் பலருடைய வீட்டில் இருக்கும். அவர்களுக்குப் பக்கத்தில் தரையில் தெரிவது ஓர் ஓவியம். அதன் கதைக்கு முன்னர் ஒரு காசுத்தாளின் கதையைச் சொல்லவேண்டும்.

1966 பெப்ரவரி 14ஆம் திகதி அவுஸ்திரேலியாவில் டொலர் நாணயம் புழக்கத்துக்கு வந்தது. ஒரு டொலர் தாளின் பின்புறத்தில், ஆர்னம் லாண்டைச் சேர்ந்த டேவிட் மலாங்கி மரப்பட்டையில் தீட்டிய ஓவியம் இடம்பெற்றது. மூதாதையான ஒரு வேட்டைக்காரனின் ஈமச்சடங்கைக் காட்டும் ஓவியம் அது. மலாங்கியிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. வரைந்தவர் பெயர் தெரியாத ஏதோ ஒரு பழங்காலத்தவர் என்று நினைத்துவிட்டார்களாம். அவரோ உயிருடன் இருந்தார்! விடயம் வெளியே வந்தபின் மத்திய வங்கி ஆளுநர் கூம்ஸ் 1000 டொலரும், ஒரு பதக்கமும், மீன்பிடி உபகரணங்களும் கொடுத்தார்.

அந்த நாட்களில், நாட்டின் சனத்தொகையைக் கணக்கிடும்போது பூர்வீகக் குடிகளைச் சேர்க்கக்கூடாது என்று அரசியலமைப்பே சொன்னது. 1967இல் நடந்த சர்வசன வாக்கெடுப்புத்தான் அதை நீக்கியது. ஓவியம் எல்லோருடைய சட்டைப்பையிலும் இருந்தது. வரைந்தவர் கணக்கில் இல்லை.

1988இல் வெள்ளையர் குடியேற்றத்தின் 200ஆவது ஆண்டை நாடு கொண்டாடியது. அப்போது மலாங்கி உட்பட ராமிங்கினிங் பகுதிக் கலைஞர்கள் ஆண்டுக்கு ஒன்றாக 200 மரக்குற்றிகளில் ஓவியம் தீட்டினார்கள். இறந்தவர்களின் எலும்புகளை வைப்பதற்கு அவர்கள் பயன்படுத்தும் உள்கோறையான மரங்கள் அவை. 1788 முதல் தம் மண்ணைக் காக்கப்போய் மாண்டவர்களுக்கான நினைவிடம் அது. கல்லறைகளைத் தொலைத்துவிட்டு வந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அதே ஆண்டில்தான் புதிய பாராளுமன்றமும் திறக்கப்பட்டது. முன்றலில் உள்ள ஓவியம் மைக்கல் நெல்சன் ஜகமாராவுடையது. ஏறக்குறைய 90,000 கருங்கல் துண்டுகளால் பதிக்கப்பட்டது. இந்த மண் உரிமையாளர் அற்ற நிலமல்ல என்று 1992இல் மாபோ வழக்கில் தீர்ப்பு வந்தது. அதன்பின் அரசு நிலவுரிமையைக் கையாண்ட விதம் பிடிக்காமல், 1993இல் ஜகமாரா உளியுடன் வந்து தன் ஓவியத்தின் நடுவிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்தெடுத்தார். தன் படைப்பையே சிதைப்பதா என்று கேட்கலாம். என் மனதுக்கு அது சரியாகவே படுகிறது. மலாங்கியிடம் கேளாமலே எடுத்தார்கள். இவர் தெரிந்து கொடுத்தவர், திருப்பிக் கேட்கவும் தெரிந்தவர்.

அந்த 200 மரங்களும் கன்பரா தேசிய கலைக்கூடத்தில் உள்ளன. நடுவே கிளைட் ஆற்றைக் குறிக்கும் ஒரு பாதை போகிறது. அடுத்தமுறை பிள்ளைகளுடன் போகும்போது அதனூடாக நடந்து பாருங்கள்.